கல்லுக்கு இந்தப் பக்கம்

ஈரம் இருக்கிற வரைக்கும் என் இடம், மணல் காய்ந்து வெளுக்கிற இடத்திலிருந்து என் இடமில்லை, இதையே சொல்லிக்கொண்டு நடக்கிறேன், மண்ணுக்குள் உலோகம் தேடுகிற மெஷினின் வட்டத்தட்டு மணலைத் தொட்டும் தொடாமலும் இடமும் வலமுமாகப் போய்வருகிறது, ஹெட்போனுக்குள் கடல் இல்லை, காற்று இல்லை, கொசு ஒன்று மண்டைக்குள் குடி வந்தமாதிரி ஒரு ரீங்காரம் மட்டும், அது மாறினால் குனியவேண்டும், குனிந்தால் இதுவரைக்கும் சோடா மூடி, நேற்று மாசிமகத்துக்குச் சாமி கடலாட வந்ததில் ஊர் மொத்தமும் இங்கேதான் நின்றது, நின்றவர்கள் ஆளுக்கொன்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், சில்லறை, ஊக்கு, பூஜைப் பொட்டலத்து ஜிகினாத்தாள், அந்தக் கூட்டத்தோடு நின்று முழுக்குப் போட்ட அண்ணியின் கழுத்திலிருந்து தாலி போய்விட்டது. "அலை இழுத்துக்கிச்சு அத்தை" என்று ஈரப் புடவையோடு வாசலில் நின்று சொன்னார், அம்மா கையிலிருந்த முறத்தை அப்படியே போட்டாள், அரிசி நடைவரைக்கும் சிதறியது, யாரும் அள்ளவில்லை. இன்றைக்கு விடிந்ததும் அம்மா ஜோசியருக்குப் போன் போட்டாள், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், வீடே கேட்டது. கிடைத்துவிட்டால் பாலில் கழுவிக் கழுத்தில் போட்டுவிடலாம், ஒன்றும் பயமில்லை. கிடைக்கவில்லை, கடல்தான் கொண்டுபோனது என்று ஆகிவிட்டால், ஒரு மண்டலத்துக்கு அவள் புருஷன் கண்ணில் படக்கூடாது, பட்டால் அவன் உயிருக்கு நல்லதில்லை, பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அங்கே அவர்கள் குலசாமி முன்னால் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். புருஷன் என்றால் என் அண்ணன் சபேசன். நாளைக்குக் காலையில் சார்ஜாவிலிருந்து வருகிறான், இந்தமுறை திரும்பிப் போகிற உத்தேசம் இல்லை, ஒரேயடியாக வருகிறான். அம்மா என்னைப் பார்த்தாள். "ஊரு பூரா தகரம் பொறுக்குறியே, உன் மெஷினு எதுக்குடா இருக்கு? விளக்கு வைக்கறதுக்குள்ள தேடி எடுத்துட்டு வா. இவளையும் கூட்டிட்டுப் போ, எங்க நின்னான்னு காட்டட்டும்." அதனால் அண்ணி அதோ கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகின்மேல் உட்கார்ந்திருக்கிறார், முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் நடக்கிற பக்கமெல்லாம் அவர் முகமும் நடக்கிறது.

எங்கே தேடலாம் எங்கே கூடாது என்பது எனக்கு மனப்பாடம், பரீட்சைக்குக்கூட இப்படிப் படித்ததில்லை, பட்டா நிலம் என்றால் பட்டாக்காரர் ஒரு வார்த்தை சரி என்று சொல்லவேண்டும், கோயில் நிலம் பக்கமே போகக்கூடாது, தொல்லியல்காரர்கள் கல் நட்டு நீலப் பலகை வைத்த இடத்துக்குள் மெஷினைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாலே தப்பு, எங்கள் ஊரில் அது செங்கல்மேடு, இந்தக் கடற்கரையின் வடக்குக் கோடியில் கருவேல மரங்களுக்கு முன்னால் மொட்டைத்தலை மாதிரித் தெரிகிறதே அதுதான், எந்தக் காலத்திலோ அங்கே துறைமுகம் இருந்ததாம், மழைக்கு மண் கரைந்தால் கைப்பிடி அகலச் செங்கல் எட்டிப் பார்க்கும். இந்த ஈரமணலில் தேடலாமா என்று கேட்கத் தாலுகா ஆபீஸுக்கே போனேன். "என்னத்த தேடப் போற?" என்றார் அங்கிருந்தவர். "எதையும் இல்ல சார், சும்மா." "சும்மா தேடறதுக்கு யாராச்சும் பர்மிஷன் கேப்பாங்களாப்பா? அலை நனைக்கிற எடத்துல தேடிக்க, எவனும் கேக்கமாட்டான்." வாயால் சொன்னாரே தவிர எழுதித் தரச் சொன்னதற்குச் சிரித்தார். எழுதித் தராதது என்னை வாரக்கணக்கில் அரித்தது, யாராவது கேட்டால் எதைக் காட்டுவேன், செல்போன் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறவன் இந்தமாதிரி மெஷினோடு நின்றால் யார்தான் கேட்கமாட்டார்கள். சாப்பிடும்போது இதையெல்லாம் பேசுவேன், வேறு யார் கேட்பார்கள், அண்ணி கேட்பார், மண்ணில் மறைந்து கிடக்கிற எதுவும் பத்து ரூபாய்க்குமேல் பெறுமானால் கலெக்டருக்குச் சொல்லவேண்டும் என்று வெள்ளைக்காரன் போட்ட சட்டம் இன்னும் இருக்கிறது என்று நான் சொன்னபோது தோசைக்கரண்டியை வைத்துக்கொண்டு அப்படிச் சிரித்தார். "அப்ப பதினோரு ரூபா கிடைச்சா கலெக்டர் ஆபீஸுக்கு ஓடணுமா தம்பி? பஸ் சார்ஜே கட்டாதே!" பிறகு கேட்டார், செங்கல்மேட்டுல கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு முழம், யாரும் பாக்கலைன்னா? "போகமாட்டேன் அண்ணி." "சத்தம் கேட்டாக்கூடவா?" "கேட்டாக்கூட." "நெசமாவா?" "நெசமா." இன்னொரு தோசை போட்டார். அவர் அன்றைக்கு ஏன் மூன்றுதரம் கேட்டார் என்று எனக்கு இப்போது ஏன் தோன்றுகிறது, வெயில், வெயிலாகத்தான் இருக்கும்.

அலை வாங்கிப்போகிற இடத்தில் ஒரு பள்ளம் விழும், கரைக்கு இணையாக நீளமாக, தண்ணீர் வற்றுகிற நேரத்தில் தெரியும், அந்தப் பள்ளத்தில்தான் எல்லாம் போய்ச் சேரும், கடலுக்கு ஒரு பழக்கம் உண்டு, தன் கையால் எடைபோட்டு ஒரே கனமானதை ஒரே இடத்தில் குவித்து வைக்கும், ஐந்து ரூபாய்க் காசு கிடைத்த இடத்தில் இன்னும் ஐந்து ரூபாய்க் காசுதான் கிடைக்கும், தூண்டில் ஈயக்குண்டு கிடைத்தால் அதன் பக்கத்தில் கம்மல் திருகு, மோதிரம், கொலுசுக் கொக்கி. தாத்தா சொல்லும் கதையில் புதையல் தானே நடக்கும், வேண்டாதவன் காலடி கேட்டால் ஒரு ஆள் ஆழம் கீழே இறங்கிவிடும், வேண்டியவன் வந்தால் நாய்க்குட்டி மாதிரி மேலே வந்து கால்மாட்டில் கிடக்கும், நான் அதைக் கேட்டுக் கேட்டு நடக்கிற மண்ணெல்லாம் கீழே ஏதோ நகர்கிறதென்றே வளர்ந்தவன், ஆனால் இந்தப் பள்ளத்தில் கதை ஒன்றும் இல்லை, எடைதான் இருக்கிறது. இரண்டுதரம் தேடியாகிவிட்டது. ஈயக்குண்டு ஒரு பிடி, கம்மல் திருகு இரண்டு, யாரோ குழந்தையின் வெள்ளி அரைஞாண் துண்டு, அதுவே வந்துவிட்டது, தாலிப்பொட்டும் குண்டுமணியும் மஞ்சள் கயிறும் சேர்ந்தால் அதே கனம்தான், இங்கே இல்லையென்றால் வேறெங்கே. இன்னொன்றும் தப்புப் பண்ணியிருந்தேன், எப்போதும் மெஷினை ஜிகினாத்தாளுக்குக் காது கேட்காதபடி வைத்துவிடுவேன், இல்லாவிட்டால் திருவிழா மறுநாள் பைத்தியம் பிடித்துவிடும், ஆனால் மெல்லிய தங்கமும் ஜிகினாத்தாளும் மெஷினுக்கு ஒரே குரல்தான், ஒன்றை ஊமையாக்கினால் இன்னொன்றும் ஊமை, நினைவு வந்ததும் மெஷினின் திருகைத் திறந்துவிட்டு முதலிலிருந்து நடந்தேன், எத்தனை பிஸ்கட் பாக்கெட், எத்தனை மாத்திரை அட்டை, குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போயிற்று, தாலி இல்லை. "அண்ணி, சரியா எங்க நின்னீங்க?" என்று ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக் கேட்டேன். "அதோ, அந்தக் கொடிக்கம்பத்துக்கு நேரா." "முன்ன படகுக்கு நேரான்னு சொன்னீங்க." "கூட்டம் தம்பி. தள்ளிக்கிட்டே போயிட்டாங்க. இன்னும் தெக்கால பாரேன்." தெற்கே பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் தெக்கால." தெற்கே போகப்போக மனிதக் காலடியே இல்லை, நேற்று யாரும் குளிக்காத இடம், நண்டு வளைதான் இருக்கிறது, மெஷின் பேசவே இல்லை, ஒரு சோடா மூடிகூட இல்லை, அங்கேயே நின்று திரும்பிப் பார்த்தேன், அண்ணி எழுந்து நின்றிருந்தார், கையால் தெற்கே, தெற்கே என்று காட்டிக்கொண்டு.

மஞ்சள் கயிறு பொங்கலுக்கு மாற்றியது, நான்தான் கடையிலிருந்து வாங்கி வந்தேன், அம்மா விரலில் சுற்றி இழுத்துப் பார்த்துவிட்டு "மாட்டையே கட்டலாம்" என்றாள், அந்தக் கயிறு ஒரு மாசத்தில் அலைக்கு அறுந்துபோகுமா, போகலாம், சங்கு கிழித்திருக்கலாம், பக்கத்தில் நின்றவளின் வளையல் மாட்டியிருக்கலாம், அறுந்தால் கழுத்தில் ஒரு சிவப்புக்கோடாவது விழுந்திருக்கும், கழுத்தை யார் பார்த்தார்கள், நேற்றிலிருந்து முந்தானை கழுத்தைவிட்டு இறங்கவில்லை. இதை நினைக்கக்கூடாது, தேட வந்தவன் தேடவேண்டும். இடது கைச் சுண்டுவிரல். அது ஏன் இப்போது. தெற்கே காட்டிய கையில் சுட்டுவிரல் தவிர மற்றவை மடங்கியிருந்தன, சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் நின்றது, அதனால்தான். அண்ணன் போனமுறை வந்திருந்தபோது கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது, நான்தான் எலும்பு கட்டுகிறவரிடம் வண்டியில் கூட்டிப்போனேன், ஐப்பசி மழை, ரெயின்கோட்டுக்குள் அந்தக் கையை மட்டும் வெளியே நீட்டிப் பிடித்தபடி அண்ணி, "உங்க வீட்டுக் கதவுக்கு என்மேல என்ன கோவமோ" என்று சிரித்துக்கொண்டே வந்தார், நானும் சிரித்தேன். ஐப்பசியில் எங்கள் வீட்டுக் கதவு எதுவும் மூடாது. மழைத்தண்ணீர் குடித்து உப்பிக்கொண்டு சட்டத்துக்கு வெளியே நிற்கும், காற்றுக்கு ஆடக்கூட ஆடாது, மூடவேண்டுமென்றால் ஒரு ஆள் தோளைக் கொடுத்து அழுத்தவேண்டும். ஒரு ஆள் அழுத்தவேண்டும். எனக்கு இது இத்தனை நாளாகத் தெரியாதா, கதவு தெரியும், மழை தெரியும், விரல் தெரியும், மூன்றும் தனித்தனியாகக் கிடந்தன. வீடியோ கால் வந்தால் அண்ணி கையைத் துடைப்பார், ஈரமே இல்லாத கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருப்பார், மணி அடித்துக்கொண்டே இருக்கும், அம்மா அதட்டுவாள், அப்புறம்தான் எடுப்பார், எடுத்ததும் குரல் வேறாகிவிடும், எங்கேயோ படித்ததை ஒப்பிக்கிற குரல். பிறந்த வீடு விருத்தாசலம் பக்கம், தாமாகப் போனால் அவங்கப்பா அன்று சாயங்காலமே திரும்பக் கொண்டுவந்து விடுகிற மனுஷர், ஒருதரம் அப்படி விட்டிருக்கிறார், மாம்பழக்கூடையோடு. ஜோசியர் சொல்லி, மாமியாரே அனுப்பினால், அவர் என்ன செய்வார். மகள் தாலியைத் தொலைத்துவிட்டு வந்தால் மாப்பிள்ளை உயிருக்குப் பயந்தாவது வீட்டில் வைத்துக்கொள்வார். இல்லை, நான் கதை கட்டுகிறேன், கதை கேட்டு வளர்ந்த புத்தி, கயிறு அறுந்தது, கடல் கொண்டுபோயிற்று, இல்லாவிட்டால் இங்கேதான் எங்கேயோ கிடக்கிறது, நான் கண்டுபிடிப்பேன், அம்மா பாலில் கழுவுவாள், நாளைக்கு அண்ணன் வருவான், எல்லாம் முன்னே மாதிரியே இருக்கும், முன்னே மாதிரி என்ற இடத்துக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது.

வடக்கே இன்னும் தேடவில்லை, அதுதான். அண்ணி எல்லாத் திசையையும் காட்டினார், வடக்கே காட்டவில்லை. நடந்தேன். ஹெட்போன் போட்டிருந்தேன், அண்ணி கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்காது, கூப்பிட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன், திரும்பவில்லை. செங்கல்மேட்டின் எல்லைக்கல் வரிசை தண்ணீர் ஏறும்போது அலை வந்து நிற்கிற கோட்டை ஒட்டியே போகிறது, இந்தப் பக்கம் ஈரம், அந்தப் பக்கம் அடம்பங்கொடி படர்ந்த வெள்ளை மணல், ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக்கொண்டு போனேன், தட்டு கல்லுக்கு இந்தப் பக்கமே வரவேண்டும் என்று கையை ஒடுக்கிக்கொண்டு, சட்டம் தெரிந்தவன், நீலப் பலகையைத் தாண்டி மூன்றாவது கல்லில் கை கொஞ்சம் வீச்சு அதிகமாகிவிட்டது, வேண்டுமென்று செய்தேனா, தட்டு முழுதாகக் கல்லைத் தாண்டியது, மெஷின் பாடியது. இரும்பு கரகரக்கும், ஒருபக்கம் போகையில் ஒரு குரல், வருகையில் இன்னொரு குரல், உடைந்த குரல். இது போகும்போதும் வரும்போதும் ஒரே குரல், மெல்லிசாக, உருண்டையாக. ஹெட்போனைக் கழற்றினேன், கம்பி எப்போது பிடுங்கிக்கொண்டதோ, மெஷின் வெளியிலேயே பாடிற்று. குனிந்து பார்த்தேன், கை வைக்கவில்லை. காய்ந்த கடற்கரை மணலுக்குமேல் அப்பளம் மாதிரி ஒரு பொருக்கு இருக்கும், காற்றும் உப்பும் சேர்ந்து போட்டது, கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு முழத்தில் ஒரு வட்டம் அளவுக்கு அந்தப் பொருக்கையே காணோம், அங்கே மணல் தளர்ந்து, அப்புறம் உள்ளங்கையால் தட்டிச் சமமாக்கப்பட்டிருந்தது, தட்டியதன்மேல் அடம்பங்கொடியை இழுத்துப் போட்டிருந்தது, கொடியின் மூன்று இலை வெள்ளையான அடிப்பக்கம் மேலே தெரியக் கவிழ்ந்து வாடிக்கிடந்தது, மற்றதெல்லாம் பச்சையாக நிமிர்ந்திருந்தது. தொலைந்த சாமான் இப்படிக் கிடக்காது. தொலைந்தது விழுந்த இடத்தில் கிடக்கும், அல்லது தண்ணீர் வைத்த இடத்தில். இது கை வைத்த இடம். ஊர் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் ஒருத்தி மட்டும் இந்தப் பக்கம் நடந்து வந்து, குந்தி உட்கார்ந்து, தலையைக் குனிந்து கழற்றி, தோண்டி, தட்டி, கொடியை மூடி, அப்புறம் போய் முழுக்குப் போட்டிருக்கிறாள், முழுகும்போது கழுத்து எப்படி இருந்திருக்கும், லேசாக இருந்திருக்குமா, பயமாக இருந்திருக்குமா. ஏன் இந்த இடம். கடலிலேயே வீசியிருக்கலாமே, மனசு வராது, யாருக்கும் வராது, அதுவும் அம்மா மெஷினை எடு என்பாள் என்று தெரியும், கடற்கரை முழுக்க நான் தேடாத இடம், தேடமாட்டேன் என்று மூன்றுதரம் சத்தியம் மாதிரிச் சொன்ன இடம், கொழுந்தன் சட்டத்துக்குப் பயந்தவன், அதை நம்பி ஒருத்தி தன் உயிரைக் கொண்டுவந்து இங்கே புதைத்திருக்கிறாள்.

"என்ன தில்லை, கப்பல் கிடைச்சிடுச்சா?" தொபியாஸ் அண்ணன், மேட்டுக்கு வாட்ச்மேன், காக்கிச் சட்டையின் மேல்பொத்தான் திறந்து சிலுவை ஆட வந்துவிட்டார், ஆரம்பத்தில் விசில் ஊதி என்னைத் துரத்தியவர், இப்போது தினம் ஒரு கிண்டல். "ஒண்ணுமில்லண்ணே. தட்டு தவறிப் போய் தாண்டிடுச்சு." "அதை விடு. காலையிலேயே கேள்விப்பட்டேன், உங்கண்ணியோட தாலியாமே? பாவம்டா. இப்ப இங்க சத்தம் வந்துச்சே, நல்லா வந்துச்சே?" "ஜிகினாத்தாள்ணே." "நோண்டிப் பாத்தாத்தானே தெரியும்." "சத்தத்துலயே தெரியும்ணே." அவர் என் முகத்தையே பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தினார், நான் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார், அந்த நல்ல மனுஷர். "டேய், தாலி விஷயம்டா. சட்டம் போட்டவன் வீட்லயும் பொம்பளைங்க இருப்பாங்க. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னு ஒரு பீடி குடிக்கிறேன். அதுக்குள்ள எடுத்துக்கிட்டு மணலைத் தள்ளி மூடிடு. நான் எதையும் பாக்கல." திரும்பியும் நின்றுவிட்டார். தீக்குச்சி காற்றுக்கு அணைந்தது, இன்னொன்று கிழித்தார். இத்தனை நாள் கல் நின்றது எனக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில், பலகை நின்றது, கலெக்டர், தாசில்தார் எல்லாரும் வரிசையாக நின்றார்கள், நான் அவர்கள் முதுகுக்குப் பின்னால் சௌகரியமாக நல்லவனாக இருந்தேன், இப்போது ஒருத்தரும் இல்லை, ஒரு முழம் மணல்தான். எடுத்தால் கிடைத்துவிட்டது. எடுத்து வேறிடத்தில் ஒளித்துவைக்கலாம் என்றால் அதுவும் முடியாது, என் கைக்கு வந்துவிட்டால் அது கிடைத்துவிட்டதுதான், அம்மா கேட்கையில் என் கை காட்டிக்கொடுத்துவிடும். எடுக்கவில்லை என்றால் அம்மாவுக்கு ஒரு மண்டலம் பயம், தூங்கமாட்டாள், அவள் அழுதால் எனக்குத் தாங்காது, அண்ணன் என் அண்ணன், என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவன், அந்தக் கையும் கதவை அழுத்தின கையும் ஒன்றுதான், இது எப்படி. "என்னடா, எடுத்தியா?" "வேணாம்ணே." "ஏன்டா?" "மேட்டுல தோண்டினதா ஆயிடும்." "அடப் போடா! சரி, நானே நோண்டறேன், தள்ளு." கல்லைத் தாண்டிக் காலை வைத்தார், செருப்பு நேராக வாடின இலையின்மேல். "அண்ணே, வேணாம்ணே! நாளைக்கு எவனாச்சும் குழியைப் பாத்தா வாட்ச்மேனே நோண்டினான்னு உங்க வேலைக்கு வரும். ஜிகினாத்தாளுக்காக வேணாம்ணே. சத்தியமா ஜிகினாத்தாள்தான்." என் வாயில் சத்தியம் என்று வந்தது. அவர் செருப்பை அங்கேயே அழுத்தித் திருகி நின்று யோசித்தார், அடியில் அது கிடந்தது, பிறகு காறித் துப்பிவிட்டு இந்தப் பக்கம் வந்தார். "சட்டம் பேசறதுக்குன்னே உன்னைப் பெத்தாங்கடா உங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே கருவேல நிழலுக்குப் போனார், நம்பினாரா, நாளைக்கு யாரிடமாவது இங்கே ஒரு சத்தம் வந்தது என்று சொல்வாரா, சொல்லமாட்டார், சொல்லலாம்.

போன் அதிர்ந்தது. "கிடைச்சுதா?" என்றாள் அம்மா, வேறு ஒன்றும் இல்லை. பள்ளத்தருகே அண்ணி நின்றுகொண்டிருந்தார், படகைவிட்டுப் பாதி தூரம் வந்து அப்படியே நின்றுவிட்டார், மேட்டையும் பார்க்கவில்லை என்னையும் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தபடி ஒரு முதுகு. "இல்லம்மா." "நல்லா தேடினியா?" "நல்லா தேடிட்டேன்மா. பள்ளத்துல இல்ல. கடல்தான் கொண்டுபோயிருக்கு." "உன் குரலே எழவு வீட்டுக் குரல், நெசத்தையும் அப்படியே சொல்ற, பொய்யையும் அப்படியே சொல்ற. நெசம்தானா?" "நெசம்தான்மா." அம்மா அழுதாள், அண்ணன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள், சொல்லிவிடலாம், இப்போதே, இதோ இருக்கும்மா என்று ஒரு வார்த்தை, அம்மாவின் அழுகை நின்றுவிடும், வாயைத் திறந்தேன், அதற்குள் அவளே பேசினாள். "வீட்டுக்குக் கூட்டிட்டு வராதே. அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டு வா, துணிமணிய நான் எடுத்துட்டு வரேன். அவங்கப்பாகிட்ட நானே பேசிக்கறேன். இரு, உங்கண்ணன் அந்தப் போன்ல இருக்கான், என்னமோ சொல்றான்." இரண்டு போனையும் ஒட்டி வைத்தாள்போல, அண்ணன் குரல் தகரத்துக்குள்ளிருந்து வந்தது, சிரித்துக்கொண்டுதான் வந்தது. "ஏன்டா தில்லை, ஊர்ல கிடக்கற சோடா மூடியெல்லாம் பொறுக்குவியே, வீட்டுப் பொருளை எடுக்கத் துப்பில்லையா? அம்மாவுக்குத்தான் ஜோசியக் கிறுக்கு. விடு, மெஷினை சார்ஜ் போட்டு வை. நாளைக்கு வந்ததும் நானே வரேன், செங்கல்மேடு வரைக்கும் ஒரு இடம் பாக்கியில்லாம அலசிடலாம். கிடைச்சா அப்படியே விருத்தாசலம் போய் அவளைக் கூட்டிட்டு வந்துடறேன்." "மேட்டுக்குள்ள போகக்கூடாதுண்ணே." "யாரு, அந்தக் கல்லு நம்மளைப் புடிச்சுக்குமா? சார்ஜ் போட்டு வைடா." வைத்துவிட்டான்.

அண்ணி பக்கத்தில் வந்திருந்தார். "என்ன தம்பி?" "பஸ் ஏத்திவிடச் சொல்றாங்க அண்ணி. இப்பவே." அவர் தோள் இரண்டும் இறங்கின, அதுவரைக்கும் தோள் அவ்வளவு உயரத்தில் இருந்ததே எனக்குத் தெரியாது, ஒரு மூச்சு நீளமாக வெளியே வந்தது, நான் மிச்சத்தையும் சொல்லவேண்டியிருந்தது. "நாளைக்கு அண்ணன் மெஷினோட வந்து தேடறேங்கறான். மேட்டுலயும்." அவர் மேட்டுப் பக்கம் திரும்பவில்லை, திரும்பாமல் இருக்கக் கழுத்து நரம்பு புடைத்தது, முந்தானை நழுவிற்று, கழுத்தில் சிவப்புக்கோடு இல்லை, ஒரு கீறல்கூட இல்லை, வெறும் வெளுத்த தடம், நான் பார்த்ததைப் பார்த்தார், இழுத்து மூடிக்கொள்ளவில்லை. நான் என்ன சொல்வது, எனக்குத் தெரியும் என்று சொன்னால் அது நாளைக்கு அம்மாவுக்கும் தெரியும் என்று ஆகிவிடும், சொல்லாவிட்டால் இவர் இரவு முழுக்க அந்தப் பஸ்ஸில், அந்த வீட்டில், நாளைக் காலையை நினைத்து நினைத்து. எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் வேறு யாரிடமும் இந்த மெஷின் இல்லை, எனக்குத் தெரியாமல் இருக்கலாம், இருக்காது, இருக்கலாம். தட்டு தண்ணீரில் முழுகலாம், அதற்கு ஒன்றும் ஆகாது, கைப்பிடிக்கு மேலே இருக்கிற பெட்டிக்குள்தான் ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் போகக்கூடாது, போனால் யாராலும் சரி செய்ய முடியாது, அது என் தொழில், கடலில் விழுந்த போனை எத்தனை பேருக்கு உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. நடந்தேன், பள்ளத்தைத் தாண்டி, முழங்கால், தொடை, ஒரு அலை வந்து பேண்ட்டை இடுப்புவரை நனைத்தது, இது யாரும் அனுமதி கேட்கவேண்டாத இடம், தாலுகா ஆபீஸில்கூட இதற்குச் சிரிக்கமாட்டார்கள், மெஷின் இன்னும் உயிரோடு இருந்தது, உப்புத்தண்ணீரைக் கண்டு சிறுபிள்ளை மாதிரி கத்திக்கொண்டிருந்தது, எவ்வளவு சம்பளத்தைச் சேர்த்து வாங்கினேன், எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எனக்கென்று இந்த உலகத்தில் பேசுகிறது இது ஒன்றுதான். "தம்பி! மெஷினு! மெஷினு நனையுது!" அண்ணி கத்திக்கொண்டு தண்ணீருக்குள் ஓடி வருகிறார், புடவை காலைச் சுற்றுகிறது. தெரியும் அண்ணி என்று சொல்கிறேன், அலைச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை, பெட்டியை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், மெஷின் கத்துவது நின்றுவிட்டது, பக்கத்தில் வந்துவிட்ட அண்ணி குனிந்து பார்க்கிறார், என்னைத் தடுக்க நீட்டிய கை பாதியில் நின்று, பிறகு மெதுவாக என் கைமேல் இறங்குகிறது, குமிழி வந்துகொண்டிருக்கிறது, இன்னும் வந்துகொண்டிருக்கிறது, அது நிற்கிறவரைக்கும் இரண்டு பேரும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.